வேப்பங்கொட்டைக் கரைச்சல்

ஒரே ஒரு புழு கண்ணில் பட்டுவிடாதா என்று ஒரு குடும்பமே வேண்டிக்கொண்டதை, வேலைக்காகக் கடல் தாண்டி வந்த இந்தக் கிள்ளானில்தான் நான் பார்த்தேன். அதுவரைக்கும் இதே குடும்பம், இதே பாத்திகளில் நின்றுகொண்டு, புழு ஒழிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தது. சாமி அந்த முதல் மனுவைத் தாமதமாக எடுத்துப் பார்த்து, தப்பான வாரத்தில் நிறைவேற்றிவிட்டது.

கிள்ளானிலிருந்து ஷா ஆலம் போகிற பக்கம் ஜாலான் கெபுன் என்று ஒரு சாலை. கெபுன் என்றால் இங்கே காய்கறித் தோட்டம். சாலையோரம் டுரியானும் அன்னாசியும் விற்கிற கொட்டகைகள். அவற்றைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் திருச்செல்வம் அண்ணனின் தோட்டம் வரும். மண் கறுப்பு. நம் அறந்தாங்கி மண் மாதிரி காலைச் சுடாது, மெத்தை மாதிரி அமுங்கும். நட்டதும் வளரும், நடாதது அதைவிட வேகமாக வளரும். லாலான் என்று ஒரு புல் இருக்கிறது. நுனி ஊசி மாதிரி. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வெட்டி எடுத்து, மேலே பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, தேங்காய் மட்டையைப் பரப்பி மூச்சை அடைத்தால்தான் ஒரு மாதம் பேசாமல் இருக்கும். சாயங்காலம் தவறாமல் மழை. கோடை என்று ஒன்று கிடையாது, அதனால் பூச்சிக்கு விடுமுறையும் கிடையாது.

நான் வந்த முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. திருச்செல்வம் அண்ணனின் மனைவி தாமரை அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, சாவி எடுத்துட்டு வா!"

கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பெரிய சாவி தொங்கியது. எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா வாணலியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"லோரி சாவிய வச்சி நான் என்னா பெரட்டல் செய்யிறது? சாவிடா, கீர. பின்னால கொடிக்குக் கீழ இருக்கு பாரு, பச்ச பசேல்னு."

கடுகுக் கீரை ஜாதியில் அகல இலையாக ஒன்று. அதற்கு இந்த ஊரில் சாவி என்று பெயர். தாமரை அக்கா அதைத் துணி காயப்போடுகிற கொடியின் கீழே, தனக்கென்று ஒரு பாத்தியில் வைத்திருந்தார். அக்கா சொல்லாமல் அந்தப் பாத்திக்குள் யாரும் போகக் கூடாது, குறிப்பாகப் புருஷன் போகக் கூடாது. அக்கா ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார்.

"இவரு அடிக்கிற பூண்டுத் தண்ணி காத்துல வந்து என் யூனிபார்ம்ல ஒட்டிக்குது தம்பி. சூப்பர்வைசர் வந்து, 'ஆன்டி, இன்னிக்கு என்ன ரசமா?'ங்குறான்."

அந்த லோரிச் சாவிக்கும் ஒரு கதை உண்டு. திருச்செல்வம் அண்ணன் பல வருடம் லோரி ஓட்டியவர். ஒரு தடவை பூச்சிமருந்து டிரம்களை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனார். ஒரு டிரம் ஒழுகியிருக்கிறது. மலை ஏறி முடிக்கிற வரைக்கும் அந்த வாடையிலேயே ஓட்டிப் போனவர், வீட்டுக்கு வந்து தலைவலியில் படுத்தார். எழுந்த பிறகு, "இதத்தான நாம சாப்புடுறோம்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தத் தோட்டம் வந்தது. லோரி இப்போது ரம்புத்தான் மரத்தடியில், தலையெல்லாம் சருகாக நிற்கிறது. தாமரை அக்காவின் தம்பி ராஜன் ஜொகூருக்குச் சரக்கு அனுப்புகிற தொழில் செய்கிறார். ஆள் கிடைக்காமல், மாமாவை எப்படியாவது மறுபடி லோரியில் ஏற்றிவிட அலைகிறார்.

போன இரண்டு போகமும் பூச்சி தின்றதுதான் மிச்சம். மூன்றாவது போகம் நட்டபோது அக்கா சொல்லிவிட்டார்: "இதுவும் பூச்சிக்கே போச்சுன்னா, பேசாம லோரி ஏறிருங்க."

அண்ணனும் சரியென்று தலையாட்டினார். ஆட்டிய தலையோடு போய் ஆணியில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலை அனுமதி இந்தத் தோட்டத்தின் பேரில் இருக்கிறது. அண்ணன் லோரி ஏறினால் நான் விமானம் ஏற வேண்டியதுதான்.

அதனால் பூச்சியோடு அண்ணன் போட்ட சண்டையில் நானும் உயிரைக் கொடுத்துச் சேர்ந்துகொண்டேன். பாகற்காய்க்குப் பழ ஈ. பிஞ்சிலேயே கொட்டி உள்ளே முட்டை வைத்துவிடும், வெளியே பார்த்தால் ராஜா, வெட்டினால் உள்ளே ஊர்வலம். அதற்கு விரல் நீளம் வரும்போதே ஒவ்வொரு பிஞ்சுக்கும் பழைய தமிழ்ப் பத்திரிகையைச் சுருட்டிச் சட்டை போட்டோம். வெண்டைக்கு அசுவினி. மஞ்சள் பிளாஸ்டிக் தட்டுகளில் சமையல் எண்ணெய் தடவிக் குச்சியில் கட்டினோம், மஞ்சள் நிறத்தைப் பார்த்து வந்து ஒட்டிக்கொண்டன. வாடல் நோய் கண்ட தக்காளிச் செடியை வேரோடும் மண்ணோடும் தோண்டி, தூரமாகக் கொண்டுபோய் எரித்தோம். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி இருந்தது. கத்திரிக்காய்ப் புழுவுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. அது தண்டைத் துளைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வாடின குருத்தையெல்லாம் கிள்ளிக் கிள்ளி எங்கள் நகம் பச்சையானது.

அந்தப் புழுவைப் பற்றி எங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர் நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். அண்ணனின் மகள் வாணி பங்சாரில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறாள். தோட்டத்துக் காய்களுக்கு வாட்ஸ்அப் குழு நடத்துவதும், சனிக்கிழமை காரில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். குழுவில் பாதிப் பேர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் இருக்கிற ஆன்டிகள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி பூரணம் ஆன்டி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அவரிடமிருந்து குழுவுக்கு ஒரு படம் வரும். வெட்டிய கத்திரிக்காய், நடுவில் புழு. கீழே ஒரு வரி.

"கத்தரிக்காய்க்குள்ள ஒரு ஆள் குடியிருக்கிறார். வாடகை ஆர் வாங்கிறது?"

வாணியும் பதில் போடுவாள்: "ஆன்டி, புழு சாப்பிட்டுப் பார்த்துட்டு உங்களுக்குக் குடுத்திருக்கு. டேஸ்ட்டிங்."

"என்ர பங்கையும் சேர்த்து டேஸ்ட் பண்ணிப்போட்டுது பிள்ளை."

கடைசியில் அண்ணன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய், நாட்டு மருந்துக் கடையில் வேப்பங்கொட்டை வாங்கிவந்தார். இடித்துத் துணியில் கட்டி ஊறப்போட்டோம். பூண்டு, இஞ்சி, சிலி பாடி மிளகாய் அரைத்துச் சேர்க்க வேண்டும். அம்மியில் அரைத்தால் கை எரிந்து செத்துப்போவோம் என்று அண்ணன் யோசித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாணி ஜூஸ் போடுவதற்காகப் புதிதாக வாங்கி வைத்திருந்த பிளெண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, வாணி திட்டும்ணே."

"கழுவி வச்சிரலாம்லா. பாப்பாவுக்கு எங்க தெரியப் போவுது?"

வடிகட்டி, சவுக்காரம் கொஞ்சம் கரைத்து, வெயில் இறங்கின பிறகு அடித்தோம். கொடிப் பக்கம் மட்டும் போகவில்லை. சில நாள் விட்டு மறுபடி அடித்தோம், மறுபடியும் அடித்தோம். குருத்து வாடுவது நின்றது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் கத்திரிப் பாத்தியில் முழங்கால் போட்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிச் செடியில் எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார், கோல் போட்டவர் மாதிரி.

உடனே தாமரை அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அக்கா தொழிற்சாலையில் இருந்தார். அண்ணன் கையெல்லாம் எண்ணெயும் சேறும். போனைச் சட்டைப் பையிலிருந்து இரண்டு விரலால் எடுத்து, மைக் பொத்தானை மூக்கால் அழுத்தி, சந்தோஷமாகப் பேசினார். போன் எழுதிக்கொண்டது. மூக்காலேயே அனுப்பியும் விட்டார். மூக்கு எந்தப் பெயரைத் தொட்டது என்பதைப் பார்க்கவில்லை.

வாணி வீட்டுக்கு வரும்போதே செருப்பைக் கழற்றாமல் வந்தாள்.

"அப்பா! என்னாப்பா இது?"

போனை நீட்டினாள். குழுவில், எல்லா ஆன்டிகளும் பார்க்க, இப்படி இருந்தது:

"தாமரை மருந்து அடிச்சாச்சு. கரைச்சல் பயங்கரம். ஒரு புழு உயிரோட இல்ல. வாணிகிட்ட சொல்லிறாத."

அண்ணன் வாசித்தார். மறுபடி வாசித்தார். "நான் கரைசல்னுதான சொன்னேன்? இது என்னா கரைச்சல்னு எழுதி வச்சிருக்கு?"

"கரைச்சல விடுங்கப்பா! மருந்துன்னு ஏன் சொன்னீங்க?"

"மருந்துதானலா. மருந்துக் கடையில வாங்குனது."

"அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். பிரிக்பீல்ட்ஸ்ல மருந்துன்னா வெசம்! சொல்லுங்க, என்கிட்ட எதச் சொல்லக் கூடாது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பிளெண்டர் இருந்த திசையைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

"அது... சும்மா வாய்ல வந்துருச்சு பாப்பா."

அதற்குள் குழு கொதித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார். சீதாலெட்சுமி ஆன்டி மட்டும் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினார், அது வணக்கமா இரங்கலா என்று யாருக்கும் புரியவில்லை. வாணி விளக்கம் எழுத எழுத, "மகளுக்கே சொல்லவில்லையே" என்று பதில் வந்தது. கடைசியில் பூரணம் ஆன்டி நேராக அண்ணனுக்கே கூப்பிட்டார். வாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி திருச்செல்வம், நான் கோபிக்கேல்லை. கேக்கிறன். என்ன கரைச்சல் வந்தது உங்களுக்கு? கரைச்சல் எண்டால் எங்களிட்டச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"அக்கா, அது கரைச்சல் இல்லக்கா. கரைசல்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நடுவுல ஒரு 'ச்'தான்க்கா."

"எங்கட வீட்டில கரைச்சல் எண்டால் தொல்லை. நான் ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைச்சுப் பயந்துபோனன். பிறகு பாத்தால், புழுதான் செத்துப்போச்சுது. அது இன்னும் பயம்."

"வேப்பங்கொட்டக்கா, பூண்டு, இஞ்சி. வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா."

"சத்தியத்தைச் சமைக்க ஏலாது தம்பி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்து பாக்கிறம். உயிரோட ஒரு புழுவைக் காட்டுங்கோ, காணும், அது போதும். செத்ததைக் காட்டாதேங்கோ. நஞ்சு அடிச்சாலும் அது சாகத்தானே செய்யும்."

போனை வைத்த பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஒரு 'ச்'னால தோட்டமே போவுது பாத்தியா" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது சிரித்தார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குழு போனால் காயை வாங்க ஆள் இல்லை. பாசார் என்கிற சந்தையில் இருக்கிற மொத்த வியாபாரிக்கு ஓட்டை இல்லாத, பளபளப்பான, ஒரே அளவுக் காய்தான் வேண்டும். விஷயம் அதற்குள் ராஜனுக்கும் எட்டிவிட்டது. "ஞாயித்துக்கெழம பேட்டரி கொண்டாறேன் மாமா. திங்கக்கெழம ஜொகூருக்கு லோடு ரெடி" என்று அவரும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை, முந்தின நாள் மழையில் தோட்டம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அதுதான் பிரச்சினை. வேப்பங்கொட்டைக்குத் தப்பிய ஒன்றிரண்டையும் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. நான் கத்திரியில் தேடினேன். வாணி போன் காமெராவைப் பெரிதாக்கி வெண்டைக்கு அடியில் தேடினாள். அண்ணன் பாகற்பந்தலுக்குக் கீழே குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே போனார்.

"வாடா ராசா. எங்கடா போனீங்க? இத்தன நாளு குடும்பத்தோட இருந்தீங்க. இன்னிக்கு ஒரு நாளு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்கடா."

"அப்பா, எறும்பு இருக்கு."

"எறும்பு ஆஸ்பத்திரியிலயும் இருக்கும் பாப்பா. அதக் காட்டுனா சிரிப்பாங்க."

நான் கத்திரிப் பாத்தியிலிருந்து எழுந்து வந்தேன். "அண்ணே, நான் வேணும்னா சைக்கிள்ல போயி பாசார்ல புழு உள்ள கத்திரிக்கா நாலு வாங்கிட்டு வரட்டுமா?"

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அலாமா! பாசார்ல புழு உள்ள கத்திரிக்காயா? இந்தக் கிள்ளான் முழுக்கத் தேடினாலும் கெடைக்காது. அங்க அடிக்கிற மருந்துல புழு என்ன, பாம்பு வந்தாலும் படுத்துரும். இருந்தாலும் வேணாம்டா. நம்ம தோட்டத்துல இல்லாதத இருக்குன்னு காட்டக் கூடாது." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "தாமர! ஒன் பாத்தியில ஏதாச்சும் இருக்கா?"

தாமரை அக்கா சன்னலில் தலையை நீட்டினார். "என் பாத்தியிலயா? என் சாவியில புழு இருக்குன்னு சொன்னா நாக்க இழுத்து வச்சி அறுத்துருவேன்!"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்கா கீரையை இலை இலையாகப் பார்த்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, மறுபடி அலசித்தான் அடுப்பில் போடுவார். அந்த வீட்டில் என்ன வேண்டுமானாலும் குறை சொல்லலாம், அடுப்படியைச் சொல்ல முடியாது.

பத்து மணிபோல் வேன் வந்தது. பூரணம் ஆன்டி வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் பேப்பர் வாசிக்கிற பூதக்கண்ணாடியுமாக இறங்கினார். பின்னால் சீதாலெட்சுமி ஆன்டியும் இன்னும் சிலரும். எல்லாரும் கறுப்பு மண்ணில் கால் வைத்ததும் அது அமுங்குவதைப் பார்த்து "ஐயோ" என்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க எங்கட குடியிருப்பாளர்?" என்றார் பூரணம் ஆன்டி.

அண்ணன் கத்திரிப் பாத்திக்குக் கூட்டிப்போனார். ஆன்டி கண்ணாடியை வைத்து இலை இலையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. "ஒண்டும் இல்லையே. கடையில இருக்கிற மாதிரி எல்லோ இருக்குது."

மூன்று மாத உழைப்புக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு எதுவும் இருக்க முடியாது. அண்ணன் அதைத் திட்டு வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு நின்றார்.

பாகற்பந்தலில் ஆன்டி நின்றார். "இதுக்கு ஏன் சட்டை?"

"பழ ஈக்குக்கா. பிஞ்சுலயே பேப்பர் போட்டுட்டா, பூந்து முட்ட வைக்க முடியாது."

ஆன்டி ஒரு பாகற்காயைக் கண்ணாடியில் பார்த்தார். "சீதா, இஞ்ச வாரும். இது மரண அறிவித்தல் பக்கம். இந்த மனுசனை எனக்குத் தெரியும். ரயில்வேயில என்னோட இருந்தவர்." எல்லாரும் அந்தப் பாகற்காய்க்கு முன்னால் அஞ்சலி செலுத்துகிற மாதிரி நின்றோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. வாணி துள்ளிவிட்டாள். "ஆன்டி, பூச்சி! உயிரோட!"

"அது வழிப்போக்கன் பிள்ளை. இஞ்ச குடியிருக்கேல்லை."

எண்ணெய்த் தட்டுகளைக் காட்டினோம். "செத்தது" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். கரைசல் வாளியைத் திறந்து காட்டினோம். குனிந்து மோந்தார், தும்மினார்.

"பூண்டு மணக்குது."

"பூண்டுதான்க்கா!"

"பூண்டுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"வேணும்னா ஒரு கிளாஸ் குடிச்சிக் காட்டவா?" அண்ணன் உண்மையிலேயே குவளையை எடுத்துவிட்டார்.

"வேண்டாம், வேண்டாம். நீர் செத்துப்போனால் எங்களுக்கு ஆர் மரக்கறி தாறது?" என்று தடுத்தார் ஆன்டி. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "தம்பி, எனக்கு உம்மில நம்பிக்கை இருக்குது. ஆனா இந்த ஆக்களுக்கு நான்தான் சொல்லி வாங்கப்பண்ணினது. கண்ணால காணாமல் நான் என்னத்தைச் சொல்ல?"

அண்ணன் கையிலிருந்த குவளையைப் பார்த்தார். அப்போது ரம்புத்தான் மரத்தடியில் லோரி உறுமுகிற சத்தம் கேட்டது. ராஜன் பேட்டரியை மாட்டிவிட்டிருந்தார்.

"ஸ்டார்ட் ஆயிருச்சு மாமா! கல்லு மாதிரி இருக்கு!" என்று அங்கிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

தாமரை அக்கா அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். லோரியைப் பார்த்தார். குவளையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தார். பிறகு கொடிக்குக் கீழே போய், மளமளவென்று சாவிக் கீரையைப் பிடுங்கினார்.

"எல்லாரும் வாங்க, வந்து பசியாறுங்க. வெயில்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க? பூரணக்கா, சும்மா ஒக்காராதீங்க, இந்தக் கீரையக் கொஞ்சம் அரிஞ்சு குடுங்க. இட்லி ஆறிரும், நான் சாம்பாரு சுட வைக்கிறேன்."

"தாரும், தாரும். அரியிறதுக்கு என்ன" என்று ஆன்டி பலகையில் உட்கார்ந்து கத்தியை வாங்கிக்கொண்டார்.

நான் வழக்கம்போல உப்புத் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். தாமரை அக்கா குறுக்கே வந்து, கையை மடக்கி என் விலாவில் ஒரு இடி இடித்தார். "அத அங்க வையி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆன்டி முதல் கட்டைப் பிரித்தார். இரண்டு இலையை அடுக்கினார். மூன்றாவது இலையைத் திருப்பினார். கத்தி நின்றது.

"ஆ!"

எல்லாரும் திரும்பினார்கள். இலையின் நடு நரம்பில் பச்சையாக, கொழுத்து, ஒரு அவசரமும் இல்லாமல் ஒரு புழு நடந்துகொண்டிருந்தது. ஆன்டி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"உயிரோட! சீதா, பாரும், பாரும், நடக்கிறார்! ஐயோ, இஞ்ச இன்னொராள். இவருக்குப் பிள்ளையும் இருக்குது!"

அடுப்படியே கல்யாண வீடாகிவிட்டது. சீதாலெட்சுமி ஆன்டி கைதட்டினார். வாணி படம் எடுத்துக் குழுவில் போட்டாள். அண்ணன் ஓடிவந்து, எட்டிப் பார்த்து, "வந்துட்டியாடா!" என்றார். ஆன்டி தன் போனை எடுத்து, தானே மைக்கை அழுத்திக் குழுவுக்குச் சொன்னார்.

"எல்லாருக்கும் சொல்லுறன். நான் என்ர கண்ணால கண்டிட்டன். புழு இருக்குது. வடிவான புழு. சனிக்கிழமை எனக்கு வழமையான மரக்கறி."

பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு யோசித்தார். "அதுசரி. அப்ப மகளிட்டச் சொல்லாதை எண்டு சொன்னது என்ன?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். இனிமேல் தப்ப முடியாது.

"பூண்டும் மொளகாயும்... பாப்பாவோட புது பிளெண்டர்ல அரைச்சேன்."

"என் பிளெண்டர்லயா?" வாணி எழுந்துவிட்டாள். "அப்பா, நேத்து அதுலதான் நான் மாம்பழ ஜூஸ் குடிச்சேன்!"

"அதான் ரெண்டு தரம் தும்முனியா?"

சிரிப்பில் சாம்பார் கொதித்துப் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். தாமரை அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, அப்ப உங்க பாத்தியில..."

"தெனம் காலையில போயி பொறுக்கிப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். யாருக்கும் தெரியாது. இன்னிக்கு மட்டும் பொறுக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பிரிக்பீல்ட்ஸ் முழுக்க இப்ப என் கீரையில புழுன்னு தெரிஞ்சு போச்சு. இனி எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போறது?"

"அப்பறம் ஏன்க்கா?"

"லோரி ஏறுன்னு நான்தான் சொன்னேன். இன்னிக்கு அது உறுமுன ஒடனேதான் எனக்கு ஒறைச்சுதுடா. ஏறிட்டாருன்னா வாரத்துல ஒரு நாளுதான் வருவாரு. இங்கன்னா பூச்சியோட சண்ட போட்டாலும் வூட்டுல இருந்து போடுறாரு."

வேன் போன பிறகு, ராஜன் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். லோரி இன்னும் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. "என்னக்கா, நாளைக்கு மாமா வாராரா இல்லையா?"

தாமரை அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, சாவி எடுத்துட்டு வா!"

எனக்கு இப்போது இந்த ஊர்த் தமிழ் நன்றாகத் தெரியும். ஒரே ஓட்டமாகக் கொடிக்குக் கீழே போய், வேரோடு ஒரு கட்டுச் சாவிக் கீரையைப் பிடுங்கி, மண் உதிர உதிரக் கொண்டுவந்து நீட்டினேன்.

அக்கா கீரையைப் பார்த்தார், ராஜனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாணி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கீர இல்லடா. லோரி சாவி!"

"அத நான் எப்பவோ எடுத்துட்டேன். வண்டியிலதான் இருக்கு" என்றார் ராஜன்.

"அப்ப அப்பிடியே ஓட்டிட்டுப் போ. இனி நீயே வச்சிக்க."

"மாமா?"

"அவருக்கு இங்க வேல கெடக்கு. தோட்டத்துல ஒரு புழு இல்லாம பண்ணி வச்சிருக்காரு. போயி நாலு வளக்கட்டும்."

அண்ணன் அப்போதுதான் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஆனால் குழாயை மூடாமல் ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே நின்றார்.

லோரி சருகுகளை உதிர்த்துக்கொண்டே வாய்க்கால் கரையைத் தாண்டிப் போனது. காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் நின்றது. தாமரை அக்கா அடுப்படியில் கிடந்த என் ஓலைத் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தன தரம் சொல்றது, இத அடுப்படியில கழட்டிப் போடாதன்னு? ஒனக்குன்னு ஒரு எடம் இருந்தாத்தான் ஒழுங்கா மாட்டுவ." சொல்லிக்கொண்டே அதை அந்த ஆணியில் மாட்டினார். "அந்தக் கீரைய இங்க கொண்டா. உப்புத் தண்ணி எங்க?"